‘முதலில்’ என்ற ஒரு சொல்லுக்கு எத்தனை ஆங்கிலம்?



‘முதலில் அவர் மறுத்தார்’ என்ற வாக்கியத்தை ஆங்கிலத்தில் எழுதும்படி, மேல்நிலை வகுப்பில் பயிலும் உங்கள் பிள்ளைகளிடம் கூறிப் பாருங்கள். ‘ஃபர்ஸ்ட் ஹீ ரெஃப்யூஸ்டு’ என்று ஒரு பிள்ளை எழுதும். ‘அட் ஃபர்ஸ்ட் ஹீ ரெஃப்யூஸ்டு’ என்று மற்றொரு பிள்ளை எழுதும். இரண்டிலும் இலக்கணப் பிழை இல்லை. தமிழில் இரண்டுக்கும் ஒரே பொருள்தான் என்று நாமும் இரண்டுக்கும் மதிப்பெண் வழங்கிவிடுவோம். ஆனால் ஆங்கிலம் நன்கறிந்த ஒருவர் இவ்விரண்டையும் வெவ்வேறு செய்திகளாகவே படிப்பார்.

‘ஃபர்ஸ்ட்’ என்பது வரிசையைச் சொல்வது. அவர் செய்த முதற்காரியம் மறுத்தது. அதையடுத்து வேறொன்றைச் செய்தார். மறுத்தார், பிறகு எழுந்து வெளியே சென்றார் என்று அந்த வரிசை நீளலாம். அவர் தம் முடிவை மாற்றிக்கொண்டார் என்பதற்கு அதில் குறிப்பேதும் இல்லை. ‘அட் ஃபர்ஸ்ட்’ என்று எழுதினாலோ, ஆரம்பத்தில் மறுத்தவர் பின்னர் இசைந்தார் என்று பொருளாகிவிடும். ‘இசைந்தார்’ என்ற சொல் அவ்வாக்கியத்தில் எங்கும் இல்லை. ஆயினும் படிப்பவர் செவியில் அது விழுந்துவிடுகிறது.

தொடக்கத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களின் நுட்பம் இதில்தான் உள்ளது. அவற்றுட் பல, தொடக்கத்தை மட்டும் சொல்லி நின்றுவிடுவதில்லை. அதற்குப் பின் என்ன நேர்ந்தது, அல்லது என்ன நேரவிருக்கிறது என்பதையும் சேர்த்தே உணர்த்துகின்றன. இதனை அறியாமல் எழுதினால் நாம் சொல்லாத ஒன்றைச் சொன்னவர்களாகி விடுவோம். இதனை அறியாமல் படித்தால் நமக்குச் சொல்லப்பட்ட ஒன்றைக் கவனியாமற் போய்விடுவோம்.

இது வகுப்பறை விவகாரம் மட்டுமன்று. ஒரு பெண்மணியின் குடும்பச் சொத்து வேறொருவர் பெயருக்கு மாறிவிட்டதாக வைத்துக்கொள்வோம். ‘நான் முதலில் கையெழுத்தே போடவில்லை’ என்கிறார் அவர். எக்காலத்தும் போடவில்லை என்பதே அவருடைய கருத்து. அதைக் கேட்டு ஆங்கிலத்தில் மனு எழுதித் தருபவர், ‘அட் ஃபர்ஸ்ட் ஐ டிட் நாட் சைன்’ என்று எழுதிவிட்டால் என்ன ஆகும்? ‘தொடக்கத்தில் கையொப்பமிடவில்லை, பின்னர் இட்டேன்’ என்று அப்பெண்மணியே ஒப்புக்கொண்டதைப் போல் அந்த மனு பேசத் தொடங்கிவிடும். ஒரு சிறு சொல் அவருடைய வழக்கையே திசை திருப்பக் கூடும்.

ஐந்து வகை ‘முதலில்’

அப்பெண்மணி கூறிய ‘முதலில்’ என்பதற்கு உரிய ஆங்கிலம் ‘இன் த ஃபர்ஸ்ட் பிளேஸ்’ என்பதாகும். ‘அடிப்படையிலேயே’, ‘அந்தக் காரியமே நடக்கவில்லை’ என்று அழுத்திச் சொல்லும் இடத்தில் இது வரும். ‘நீ முதலில் அங்கே போயிருக்கவே கூடாது’ என்று பிள்ளையைக் கண்டிக்கும்போது நாம் கருதுவதும் இதைத்தான். ஆயினும் மனுவைப் போன்ற தாள்களில் சுற்றுச் சொற்கள் எவையும் வேண்டாம். ‘நெவர்’ என்ற ஒரு சொல்லால் ‘எப்போதும் கையொப்பமிடவில்லை’ என்று எழுதிவிடுவதே பாதுகாப்பானது.

‘ஃபர்ஸ்ட்லி’ என்பது காரணங்களையோ கருத்துகளையோ அடுக்கும்போது வருவது. ‘முதலாவதாக, இரண்டாவதாக’ என்று மேடையில் பேசுவோமே, அந்த முதலாவது இது. காரியங்களின் வரிசைக்கு இது பொருந்தாது. முதலில் கை கழுவினேன், பிறகு உண்டேன் என்பதில் ‘ஃபர்ஸ்ட்’ என்பதே வேண்டும்.

‘ஃபார் த ஃபர்ஸ்ட் டைம்’ என்பது முதன்முறையாக என்று பொருள்படும். நம் மாணவர்கள் அடிக்கடி இடறும் இடம் இது. ‘நான் முதன்முதலாகச் சென்னைக்கு வந்தபோது’ என்று எழுத எண்ணி, ‘அட் ஃபர்ஸ்ட்’ என்று எழுதிவிடுகிறார்கள். அது ‘தொடக்கத்தில் சென்னைக்கு வந்தேன், பிறகு வேறெங்கோ சென்றேன்’ என்பது போன்றதொரு மயக்கத்தைத் தந்துவிடுகிறது.

ஆக, ஃபர்ஸ்ட் என்றால் வரிசை. அட் ஃபர்ஸ்ட் என்றால் பின்னர் மாறிய நிலை. ஃபர்ஸ்ட்லி என்றால் அடுக்கும் கருத்து. ஃபார் த ஃபர்ஸ்ட் டைம் என்றால் முதன்முறை. இன் த ஃபர்ஸ்ட் பிளேஸ் என்றால் அடிப்படையிலேயே. இவ்வைந்தையும் ‘முதலில்’, ‘முதன்முதலில்’ என்னும் சொற்களைக் கொண்டே தமிழில் நாம் சமாளித்துவிடுகிறோம். தமிழில் அது குறையன்று. பேசுவோரின் குரலும் ‘கையெழுத்தே’ என்பதில் உள்ள ஏகாரமும் பொருளைத் தெளிவாக்கி விடுகின்றன. ஆங்கிலத்தில் அந்த வேலையைத் தனித்தனிச் சொற்களே செய்தாக வேண்டும்.

‘தொடக்கத்தில்’ என்பதன் நிலை

‘அட் த பிகினிங்’ என்றால் ஒரு பொருளின் அல்லது காலத்தின் தொடக்கப் புள்ளி. எதனுடைய தொடக்கம் என்பது பெரும்பாலும் உடன் வரும். நூலின் தொடக்கத்தில், மாதத்தின் தொடக்கத்தில், கூட்டத்தின் தொடக்கத்தில் என்பனவெல்லாம் இதற்குரியவை. பின்னர் எதுவும் மாறியதாக இது சொல்வதில்லை.

‘இன் த பிகினிங்’ என்பது ஒரு புள்ளியன்று, ஒரு காலப்பகுதி. ஆரம்ப நாட்களில் என்று கொள்ளலாம். ‘ஆரம்பத்தில் வெளிநாட்டு வாழ்க்கை கடினமாக இருந்தது’ என்று எழுதும்போது இதனைக் கையாளலாம். ‘அட் ஃபர்ஸ்ட்’ என்பதைப் போலவே, பின்னர் நிலை மாறியது என்ற குறிப்பு இதிலும் இழையோடும்.

‘ஃப்ரம் த பிகினிங்’ என்பதோ இதற்கு நேர்மாறானது. ‘தொடக்கத்திலிருந்தே’ என்பது அதன் பொருள். அன்றிருந்த நிலை இடையில் மாறவில்லை என்பதை இது உணர்த்தும். ‘இன் த பிகினிங்’ எதிர்த்தார் என்றால் பிறகு எதிர்ப்பைக் கைவிட்டார் என்று படிப்பவர் கருதுவார். ‘ஃப்ரம் த பிகினிங்’ எதிர்த்தார் என்றால் தொடர்ந்து எதிர்த்தே வந்தார் என்று கொள்வார். ஒரு முன்னொட்டுச் சொல் மாறியதும் மனிதரின் குணமே மாறிப்போவதைக் காணுங்கள்.

‘இனிஷியலி’, ‘ஒரிஜினலி’ என்னும் இரண்டையும் பலர் ஒன்றாகவே கருதுகின்றனர். ‘இனிஷியலி’ என்பது ஆரம்பக் கட்டத்தில் என்பது. கட்டங்கள் பல உண்டு. அவற்றில் இது முதலாவது. ‘ஒரிஜினலி’ என்பது மூலநிலையைச் சொல்வது. ‘நான் ஒரிஜினலி கீழக்கரை’ என்று ஒருவர் சொன்னால், பூர்விகம் கீழக்கரை, இப்போது வாழ்வது வேறோர் ஊர் என்பது பொருள். அவ்வூரிலேயே பிறந்து இன்றும் அங்கேயே வாழ்பவர் அவ்வாறு சொல்லத் தேவையில்லை. ‘இக்கட்டடம் ஒரிஜினலி ஓர் அரிசி ஆலை’ என்றால், இன்று அது ஆலையாக இல்லை.

பிகின், ஸ்டார்ட், கமென்ஸ்

இனி வினைச்சொற்களுக்கு வருவோம். ‘பிகின்’ ஆங்கிலத்தின் சொந்தச் சொல். ‘கமென்ஸ்’ பிரெஞ்சிலிருந்து வந்து குடியேறியது. 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்ற பின், அரசவையிலும் நீதிமன்றத்திலும் நெடுங்காலம் பிரெஞ்சு ஆட்சி செலுத்தியது. பிரெஞ்சு மொழி மக்களுக்குப் புரியவில்லை என்பதால், நீதிமன்றங்களில் வழக்காடுவது ஆங்கிலத்திலேயே நடைபெற வேண்டுமென 1362-இல் சட்டமியற்ற வேண்டியதாயிற்று. மொழி விலகிய பின்னும் அதன் சொற்கள் பல சட்டத்தில் தங்கிவிட்டன. அதனால்தான் ‘கமென்ஸ்’ என்ற சொல்லில் இன்றளவும் அரசாணையின் வாடை வீசுகிறது. ‘சாப்பிடத் தொடங்கினோம்’ என்பதற்கு இச்சொல்லைப் போட்டால், சோற்றுக்கு அரசிதழில் அறிவிப்பு வெளியிட்டது போலாகிவிடும்!

தமிழிலும் இத்தகைய இரட்டைச் சொற்கள் உண்டு. ‘தொடங்கு’ தமிழ்ச் சொல்; ‘ஆரம்பி’ வடமொழியிலிருந்து வந்தது. ஆனால் தமிழகத்தில் நிலைமை தலைகீழ். வந்த சொல்லான ‘ஆரம்பி’யைத்தான் பெரும்பாலோர் பேச்சில் வழங்குகிறோம், சொந்தச் சொல்லான ‘தொடங்கு’ எழுத்துக்குரியதாக நிற்கிறது. ஆகவே சொல் எங்கிருந்து வந்தது என்பதைக் கொண்டு மட்டும் அதன் மதிப்பை அளந்துவிட முடியாது. இன்று அது எந்த இடத்தில் வழங்குகிறது என்பதையே நோக்க வேண்டும்.

‘ஸ்டார்ட்’ என்ற சொல்லுக்குப் பழைய பொருள் துள்ளுதல் என்பதாகும். திடுக்கிடச் செய்வதைக் குறிக்கும் ‘ஸ்டார்ட்டில்’ என்பது இதன் உறவுச் சொல். தொடங்குதல் என்ற பொருள் பின்னாளில் வந்து சேர்ந்தது. அந்தப் பழைய துள்ளல் இன்றும் இதனை விட்டு நீங்கவில்லை. அசையாமல் கிடந்தது அசையத் தொடங்கும் இடத்தில் ‘ஸ்டார்ட்’ வரும். இயந்திரம், வாகனம், தீ, வியாபாரம், பயணம் ஆகியவற்றுக்கு இதுவே உரியது. வாகனத்தை ‘பிகின்’ செய்வதாக எவரும் எழுதுவதில்லை. நம் ஊர் மெக்கானிக்கும் ‘வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை’ என்றே சொல்கிறார். ‘வண்டி தொடங்கவில்லை’ என்பதில்லை. இலக்கணம் படியாமலே அவர் சரியான சொல்லைத் தேர்ந்துவிட்டார்.

உரை, பாடம், கடிதம், மாதம் போன்ற, படிப்படியாக விரியும் காரியங்களுக்கு ‘பிகின்’ அழகாகப் பொருந்தும். ‘ஸ்டார்ட்’ வந்தாலும் பிழையாகாது. மாணவர்கள் மறவாமல் மனத்திற் கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. பிகின், பிகேன், பிகன் என்பன அதன் மூன்று வடிவங்கள். ‘ஹேஸ்’, ‘ஹேவ்’, ‘ஹேட்’ ஆகியவற்றின் பின்னே மூன்றாம் வடிவமான ‘பிகன்’ என்பதே வர வேண்டும். ‘ஹேஸ் பிகேன்’ என்று எழுதுவது தவறு.

மற்றொரு தவறு தமிழின் செல்வாக்கால் நேர்வது. ‘தேர்வுகள் திங்கட்கிழமை முதல் தொடங்கும்’ என்று தமிழில் எழுதுகிறோம். அதை அப்படியே பெயர்த்து ‘பிகின் ஃப்ரம் மண்டே’ என்று எழுதிவிடுகிறோம். தொடங்குவது ஒரு நாளில்தான். ஆகவே ‘பிகின் ஆன் மண்டே’ என்பதே முறை. நீடிப்பதைச் சொல்லும்போதுதான் ‘ஃப்ரம்’ வேண்டும். திங்கள் முதல் வெள்ளி வரை தேர்வு நடைபெறும் என்ற வாக்கியத்தில் அது பொருந்தும்.

ஒப்பந்தத்தில் ஒரு தேதி

‘கமென்ஸ்மென்ட்’ என்ற பெயர்ச்சொல்லை எவரும் அலட்சியம் செய்தல் கூடாது. நமது அரசமைப்புச் சட்டம் 1949 நவம்பர் 26 அன்று ஏற்றுக்கொள்ளப்பட்டது. ஆனால் அதன் ‘கமென்ஸ்மென்ட்’ 1950 ஜனவரி 26 என்று 394ஆவது பிரிவு வரையறுக்கிறது. குடியுரிமை பற்றியவை உள்ளிட்ட சில பிரிவுகள் மட்டும் உடனே நடைமுறைக்கு வந்தன. ஏனையவை இரண்டு மாதம் காத்திருந்தன. தகவல் அறியும் உரிமைச் சட்டத்திற்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தது 2005 ஜூன் 15-இல். அச்சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வந்தது அதே ஆண்டு அக்டோபர் 12-இல். பிறந்த நாள் வேறு, நடைமுறைக்கு வந்த நாள் வேறு. இந்த இரண்டாவது நாளையே ‘கமென்ஸ்மென்ட்’ குறிக்கிறது.

வளைகுடா நாடுகளுக்குப் பணிக்குச் செல்லும் நம் பிள்ளைகள் கையொப்பமிடும் ஒப்பந்தங்களிலும் இதே வேறுபாடு உண்டு. கையொப்பமிட்ட நாள் ஒன்று. ‘கமென்ஸ்மென்ட்’ என்று குறிக்கப்பட்ட நாள் மற்றொன்று. சம்பளமும் விடுப்பும் தகுதிகாண் பருவமும் எந்த நாளிலிருந்து கணக்கிடப்படும் என்று அத்தாளிலேயே எழுதப்பட்டிருக்கும். விமானம் ஏறிய நாளிலிருந்தே சம்பளம் என்று வாய்மொழியாகச் சொல்லப்பட்டிருக்கலாம். தாளில் ‘பணி தொடங்கும் நாள் முதல்’ என்று இருக்குமானால், வாய்மொழியை நிலைநாட்டுவது அரிதாகிவிடும். ஆகவே கையொப்பமிடுமுன் அச்சொல்லின் மீது விரல் வைத்து, ‘இது எந்தத் தேதி?’ என்று கேட்டுக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கடைத்தெருவில் தொடக்கம்

பணம் செலுத்தும் இடங்களிலும் தொடக்கச் சொற்கள் காத்திருக்கின்றன. ‘இனிஷியல் பேமென்ட்’ என்று ஒரு தாளில் கண்டால், இன்னும் செலுத்த வேண்டிய தொகை உண்டு என்று உடனே கொள்ளுங்கள். அது முழுத்தொகையாயின் ‘இனிஷியல்’ என்ற சொல்லுக்கு அங்கே வேலை இல்லை. ‘இன்ட்ரொடக்டரி’ விலை என்றால் அறிமுக விலை. பின்னர் உயரக்கூடும் என்பது அச்சொல்லின் உள்ளேயே இருக்கிறது. ‘ஸ்டார்ட்டிங் ஃப்ரம் 499’ என்ற விளம்பரத்தில் 499 ரூபாய் என்பது ஆகக் குறைந்த விலை. உங்கள் மகள் விரும்பும் துணி அவ்விலையில் கிடைக்கும் என்று அதில் எவரும் கூறவில்லை.

மருத்துவமனையில் ஒரு கேள்வி

‘ஆன்செட்’ என்றொரு சொல்லை மருத்துவக் குறிப்புகளில் காணலாம். தொடக்கத்தில் இது தாக்குதல் என்ற பொருளில் வழங்கிய சொல். ஆகவே நோய், முதுமை, குளிர்காலம் போல, வந்து பற்றிக்கொள்பவற்றின் தொடக்கத்திற்கே இது பெரும்பாலும் வருகிறது. வானிலைத் துறையினர் பருவமழைக்கும் இச்சொல்லைக் கையாள்கின்றனர். கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கும் இயல்பான நாள் ஜூன் 1 என்பது அவர்களின் கணக்கு. ஆனால் திருமணத்திற்கோ, புதுக்கடைக்கோ ‘ஆன்செட்’ என்று எழுதலாகாது. இதனோடு குழப்பிக்கொள்ளும் ‘அவுட்செட்’ என்பது ஒரு முயற்சியின் அல்லது பேச்சின் தொடக்கத்தைக் குறிப்பது. அதில் நோய்வாடை இல்லை.

இச்சொல்லை அறிந்திருப்பது ஓர் உயிரைக் காக்கவும் உதவலாம். மூளை இரத்தக்குழாய் அடைப்பினால் பக்கவாதம் வந்தவர்க்கு, கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக அறிகுறி தொடங்கிய 4½ மணி நேரத்திற்குள் செலுத்துவர். அதனால்தான் ‘எப்போது தொடங்கியது?’ என்று மருத்துவர் முதலில் கேட்கிறார். வீட்டார் தாம் கண்ட நேரத்தைச் சொல்லிவிடுகின்றனர். வாப்பா இரவு பத்து மணிக்கு நலமாக உறங்கச் சென்றார். காலை ஐந்து மணிக்கு எழுப்பியபோது கை அசையவில்லை. ஐந்து மணி என்பது நாம் கண்ட நேரம்; நோய் தொடங்கிய நேரமன்று. கடைசியாக நலமாக இருந்தது இரவு பத்து மணிக்கு என்பதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். இத்தகைய நிலையில் அவர் கணக்கிடுவது அந்த நேரத்தை வைத்துத்தான்.

பயிற்சி

பின்வரும் வாக்கியங்களுக்கு உரிய ஆங்கிலத் தொடரைப் பிள்ளைகளே கூறட்டும். விடையைப் பெரியவர்கள் கையால் மறைத்துக்கொள்க.

1. உம்மா தொடக்கத்திலிருந்தே அந்த வீட்டை விரும்பவில்லை.
2. ரமளான் மாதத்தின் தொடக்கத்தில் என் தம்பி ஊருக்கு வந்தான்.
3. நோன்பு ஆரம்பத்தில் சிரமமாக இருந்தது, பிறகு பழகிவிட்டது.
4. பெரியப்பா இவ்வாண்டு முதன்முறையாக ஹஜ்ஜுக்குச் செல்கிறார்.
5. வகுப்புகள் சனிக்கிழமை தொடங்கும்.

விடைகள்: 1. ஃப்ரம் த பிகினிங். 2. அட் த பிகினிங் ஆஃப் ரமளான். 3. அட் ஃபர்ஸ்ட், ‘இன் த பிகினிங்’ என்பதும் ஏற்புடையதே. 4. ஃபார் த ஃபர்ஸ்ட் டைம். 5. பிகின் ஆன் சாட்டர்டே.

மூன்றாம் வாக்கியத்தில் ‘பிறகு பழகிவிட்டது’ என்ற பகுதியைக் கையால் மறைத்துவிட்டு, ஆங்கிலத்தில் முற்பகுதியை மட்டும் வாசித்துப் பாருங்கள். சிரமம் நீங்கிவிட்டது என்பது அப்போதும் விளங்கும். இது பிள்ளைகளுக்குப் புரிந்துவிட்டதென்றால் இம்மாதப் பாடம் முழுவதும் புரிந்துவிட்டது என்று கொள்ளலாம்.

தொடக்கத்திற்கு இத்தனை சொற்கள் என்றால், முடிவுக்கு எத்தனை இருக்கும்! ‘அட் த எண்ட்’, ‘இன் த எண்ட்’, ‘அட் லாஸ்ட்’, ‘ஃபைனலி’ ஆகிய நான்கையும் நாம் ‘கடைசியில்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடக்கிவிடுகிறோம். ‘கடைசியில் அவர் வந்துவிட்டார்’ என்ற வாக்கியத்தில் மகிழ்ச்சி இருக்கிறதா, களைப்பு இருக்கிறதா, வெறும் வரிசைதான் இருக்கிறதா என்பதை இன்ஷா அல்லாஹ் அடுத்த இதழில் காண்போம்.